காதில் ஐந்து ஊசி

அக்குபங்சர் என்று சொன்னால் நம்மூர் ஆட்களில் பாதிப் பேர் "மூட்டு வலிக்கா?" என்பார்கள். மீதிப் பேர், "ஊசியே இல்லாம கையைத் தொட்டுப் பார்த்துட்டு, மாத்திரையை எல்லாம் குப்பையில போடுங்கன்னு சொல்வாங்களே, அதுதானே?" என்பார்கள். மனசு உடைந்து போனவர்களுக்கும் இதைச் செய்கிறார்கள் என்றால் இரண்டு கோஷ்டியும் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கும். நானே குத்திக்கொண்டவன்தான். இங்கே கொல்கத்தாவில், பன்னிரண்டு தடவை. அதைப் பற்றி எழுது எழுது என்று தங்கமணி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆபீஸில் ஆணி குறைவாக இருக்கிற சனிக்கிழமை இப்போதுதான் வாய்த்தது.

முதலில் கொஞ்சம் ஊர்க்கதை. ஏனென்றால் இந்தியாவில் அக்குபங்சர் கால் வைத்த ஊரே இதுதான்.

1938ல் சீனாவும் ஜப்பானும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். காங்கிரஸ் கட்சி ஐந்து டாக்டர்களைச் சீனாவுக்கு அனுப்பியது. அப்போது கட்சித் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். போன ஐந்து பேரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் சோலாப்பூர்க்காரர் துவாரகாநாத் கோட்னிஸ். சீனப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு, போர்முனையிலேயே வேலை பார்த்து, 1942 டிசம்பரில் 32 வயதில் அங்கேயே இறந்துபோனார். சாந்தாராம் அவர் கதையை 1946ல் சினிமாவாக எடுத்தார். அந்த ஐவரில் இன்னொருவர் கல்கத்தாக்காரர், பிஜய் குமார் பாசு. அவர் உயிரோடு திரும்பி வந்தார். அதனாலேயோ என்னவோ அவரைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. பல வருஷம் கழித்து மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்றுக்கொண்டு, 1959ல் கல்கத்தாவில் சிகிச்சையை ஆரம்பித்தவர் அவர்தான். அந்தத் தொடர்ச்சியில்தான் மேற்கு வங்கம் 1996லேயே அக்குபங்சருக்கென்று தனிச் சட்டம் போட்டது. மத்திய அரசு இதைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது 2019 பிப்ரவரியில்தான். இங்கே யாராவது "இடுப்பு வலி" என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சாதாரணமாக "ஊசி குத்திப் பாருங்களேன்" என்பார். நம்மூரில் "ஒரு தடவை எண்ணெய் தேய்த்துப் பாருங்களேன்" என்பது மாதிரி.

இனி என் கதை. இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

2021 மே மாதம் அப்பா போய்விட்டார். கொரோனா. அவர் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். நானும் தங்கமணியும் கொல்கத்தாவில் பாசிட்டிவாகி வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். விடிகாலை மூன்று நாற்பதுக்கு அத்தானிடமிருந்து போன் வந்தது. அன்று மதியம் அதே போனில் வீடியோவில் எரியூட்டைப் பார்த்தேன். நாலே பேர்தான் சுடுகாட்டில். மூத்த மகன் நான் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா மகன் வைத்தான். சரியாக அந்த நேரத்தில் சிக்னல் போய்ப் படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது புகைதான் தெரிந்தது.

அந்த வருஷம் இந்த மாதிரி லட்சக்கணக்கான வீடுகளில் நடந்தது. எனக்கு மட்டும் நடந்த மாதிரிப் பேச எனக்குக் கூச்சம். ஆனால் உடம்புக்கு அந்தக் கூச்சம் எல்லாம் தெரியவில்லை. ராத்திரி போன் அடித்தால் கழுத்து வேர்த்துவிடும். நெஞ்சு கன்னாபின்னாவென்று அடித்துக்கொள்ளும். வைப்ரேஷனில் போட்டேன், மேஜை அதிர்ந்தாலும் அதே கதிதான். பக்கத்து ஃபிளாட்டில் அடிக்கிற போனுக்கும் எழுந்து உட்கார்ந்தேன். யாரும் அடிக்காத ராத்திரிகளில் மூன்றரை, நாலு மணிக்குத் தானாக முழிப்பு வரும், அப்புறம் தூக்கம் கிடையாது. திதி முடிந்து, வருஷாப்தீகம் முடிந்து, அதன் பிறகும் இப்படியே. காலண்டர் பார்த்தால் பதினான்கு மாதம்.

தங்கமணி பிடித்துத் தள்ளித்தான் மனநல மருத்துவரிடம் போனேன். நல்ல மனிதர். இது வெறும் துக்கம் இல்லை, அதிர்ச்சி உடம்பில் தங்கிவிட்டிருக்கிறது என்று விளக்கினார். மாத்திரை எழுதினார், வாரம் ஒரு முறை கவுன்சலிங் போகச் சொன்னார். மாத்திரையால் கொஞ்சம் பலன் இருந்தது. கவுன்சலிங்கில்தான் ஒரு வினோதமான இடத்தில் முட்டிக்கொண்டேன்.

எந்த மொழியில் பேசுவது? அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என் பெங்காலி மீன் வாங்காதவனின் பெங்காலி. காய்கறிக் கடையோடு சரி. இந்தியில் ஆட்டோக்காரரோடு சண்டை போடுவேன், அவ்வளவுதான். ஆக இங்கிலீஷ். இருபது வருஷமாக இங்கிலீஷில்தான் வேலை பார்க்கிறேன், மீட்டிங்கில் வெளுத்து வாங்குவேன். ஆனால் அங்கே வாயைத் திறந்தால் "மை ஃபாதர் எக்ஸ்பயர்ட்" என்றுதான் வந்தது. லீவ் லெட்டர்! அடுத்த வாக்கியம் "கைண்ட்லி கிராண்ட் மீ" என்று வந்துவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது. அப்பாவை நான் "அப்பா" என்று சொல்லாமல் பேசினது வாழ்க்கையில் அந்த ரூமில்தான். கொள்ளி என்பதற்கு என்ன சொல்வீர்கள்? அதற்கு விளக்கம் சொல்லி, மூத்த மகன் என்றால் என்ன என்று சொல்லி, சிக்னல் போன இடத்துக்கு வருவதற்குள் நாற்பத்தைந்து நிமிஷம் முடிந்துவிடும். அழுகையும் வராது. பிராஜெக்ட் பிரசன்டேஷன் கொடுத்துவிட்டு வந்த களைப்புதான் மிஞ்சும்.

இதை ஒருநாள் டீக்கடையில் பக்கத்து சீட் தாதாவிடம் புலம்பினேன். (தாதா என்றால் இங்கே அண்ணன். வந்த புதிதில் ஆபீஸ் முழுக்க எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் தாதா என்று கூப்பிடுவதைக் கேட்டு, எந்த கும்பலில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று முழித்திருக்கிறேன் :-)) அவர்தான் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு அக்குபங்சர்காரம்மா இருக்கிறார் என்றார். "பேசவே வேண்டாம். போய் உட்கார்ந்தால் போதும்" என்றார். பேசவே வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன்.

அறுபது வயது அம்மா. மாநிலப் பதிவுச் சான்றிதழ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. தூக்கம், பசி, தாகம், வயிறு, வேர்வை. அப்புறம் "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது?" என்று கேட்டார். மூன்றரை, நாலு என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "மூன்றிலிருந்து ஐந்து வரை நுரையீரலின் நேரம். நுரையீரலில்தான் துக்கம் இருக்கும்" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகு மூளை வேலை செய்தது. போன் வந்த நேரமே மூன்று நாற்பது. அந்த நேரத்துக்கு முழிப்பு வர நுரையீரல் எதற்கு? சீன வைத்தியத்தில் துக்கம் நுரையீரலுக்கு, பயம் சிறுநீரகத்துக்கு, கோபம் கல்லீரலுக்கு, கவலை மண்ணீரலுக்கு, சந்தோஷம் இருதயத்துக்கு என்று ஒரு கணக்கு உண்டு. அழகான கணக்குதான். நம்மூரில் "வயிறு எரியுது" "நெஞ்சு கனக்குது" என்பதற்கு நெருங்கின சொந்தம். உடற்கூறியலில் இதற்கு இடம் இல்லை. அந்தம்மாவிடம் இதைச் சொல்லி வாதம் செய்ய எனக்கு பெங்காலியும் போதவில்லை, தெம்பும் இல்லை.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி ஊசிக்குள் மருந்து போகக் குழாய் வேண்டும், இதற்கு வேண்டாம், அதனால் ரொம்ப மெல்லிசு. கால் மில்லிமீட்டர், அதற்கும் குறைவு. காதில்தான் ஆரம்பித்தார். ஒரு காதுக்கு ஐந்து. காது ஜவ்வில் குத்தும்போது கட்டெறும்பு கடித்த மாதிரி ஒரு சுளீர். பத்து விநாடியில் அது போய் ஒரு மதமதப்பு, காது கனத்துத் தொங்குகிற மாதிரி. பின்னால் வந்த நாட்களில் மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஒன்று, புருவ மத்தியில் ஒன்று. நாற்பது நிமிஷம் சாய்வு நாற்காலியில் உட்கார வேண்டும். அந்த அறையில் இன்னும் மூன்று நாற்காலிகள், மூன்று பேர், ஆளுக்கு ஐந்தைந்து ஊசி. ஒருவரும் பேசுவதில்லை. வாசலில் ஒரு மூங்கில் தட்டு. எல்லோரும் செல்போனை அணைத்து அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

மூன்றாவது தடவை போனபோது அழுகை வந்தது. எந்தக் காரணமும் இல்லாமல், அப்பாவை நினைக்கக்கூட இல்லை, விட்டத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணிலிருந்து பாட்டுக்கு வழிந்தது. காதில் ஊசி இருந்ததால் துடைக்கவும் பயம். அந்தம்மா வந்து ஒரு துண்டை என் கையில் வைத்துவிட்டு, ஃபேனை ஒரு புள்ளி குறைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்து நாற்காலிப் பெரியவர் கண்ணைத் திறக்கவே இல்லை. அன்று ராத்திரி ஐந்தரை மணி வரை தூங்கினேன்.

அந்த ஐந்து புள்ளிக்கு ஒரு பெரிய பூர்வீகம் இருக்கிறது என்பது பிறகு படித்துத்தான் தெரிந்தது. ஷென்மென், சிம்பதெடிக், கிட்னி, லிவர், லங் என்று பெயர்கள். சீனாவில் ஆயிரம் வருஷத்துக்கு முன் முனிவர் யாரோ கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் பகுதியில் லிங்கன் ஆஸ்பத்திரி என்று ஒரு ஏழைகள் ஆஸ்பத்திரி. அந்த வட்டாரம் ஹெராயினில் மூழ்கிக் கிடந்த காலம். 1970 ஜூலையில் யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோ ரிக்கோ வாலிபர்கள் அந்த ஆஸ்பத்திரிக்குள் புகுந்து ஒருநாள் முழுக்கக் கையில் வைத்திருந்தார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக அங்கே ஒரு போதை மீட்பு மையம் வந்தது. ஹாங்காங்கில் வென் என்ற நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர், காதில் ஊசி வைத்து மின்சாரம் கொடுத்தால் அபின் பழக்கக்காரர்களின் தவிப்பு குறைகிறது என்று 1973ல் எழுதியிருந்தார். அதைப் படித்த லிங்கன்காரர்கள் மின்சாரத்தை விட்டுவிட்டு ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் முட்டுலு ஷகுர், ராப் பாடகர் டூபாக்கின் வளர்ப்புத் தந்தை. மைக்கேல் ஸ்மித் என்ற மனநல மருத்துவர் அதை ஐந்து புள்ளிகளாக ஒழுங்கு செய்ய, 1985ல் நாடா என்ற அமைப்பு உருவானது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு நியூயார்க்கில் தீயணைப்பு வீரர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும், 2005ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் ஜனங்களுக்கும் இதே ஐந்து ஊசிதான். கூட்டமாக உட்கார வைத்துக் குத்தலாம், செலவு குறைவு, யாரும் நடந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் போன்ற வாய் திறக்காத கேஸ்களுக்கென்றே செய்த ஏற்பாடு மாதிரி இருக்கிறது.

சரி, இது வேலை செய்கிறதா, டுபாக்கூரா?

இந்தக் கேள்விக்கு ஊசிக்காரர்கள் சொல்கிற பதிலும் பகுத்தறிவுக்காரர்கள் சொல்கிற பதிலும் எனக்கு ஒத்துவரவில்லை. சிக்கல் எங்கே என்றால், மாத்திரைக்குச் சர்க்கரை மாத்திரை என்று ஒரு போலி உண்டு. ஊசிக்குப் போலி எது? தப்பான இடத்தில் குத்துவதையும் மேலோட்டமாகக் குத்துவதையும் போலி என்று வைத்து ஜெர்மனியில் பெரிய அளவில் சோதித்தார்கள். முதுகுவலிக்காரர்கள் 1162 பேர், 2007ல் முடிவு வந்தது. நிஜ ஊசியில் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேருக்குப் பலன், போலி ஊசியில் 44, வழக்கமான மருத்துவத்தில் 27. அதாவது ஊசி நல்லது. எங்கே குத்துகிறோம் என்பது அத்தனை முக்கியமில்லை! இதை வைத்துக்கொண்டு இரண்டு கோஷ்டியும் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மன அதிர்ச்சிக்கென்று செய்த ஆய்வுகள் குறைவு. அமெரிக்காவில் மைக்கேல் ஹாலிஃபீல்டு என்பவர் 2007ல் ஒரு சின்ன சோதனை செய்தார். ஊசி வாங்கியவர்களுக்கும் குழுவாக உட்கார்ந்து மனப்பயிற்சி பெற்றவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன். சும்மா காத்திருந்தவர்களைவிட இரு சாராருமே தேவலை. அவரே போரில் அடிபட்டு வந்த முன்னாள் படைவீரர்கள் 93 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024ல் வெளியானது. 24 சிட்டிங். இந்தத் தடவை நிஜ ஊசி போலி ஊசியைத் தெளிவாகவே முந்தியது. பேப்பரில் நிரப்புகிற கேள்வித்தாளோடு நிற்காமல், திடுக்கிடும்போது உடம்பு எப்படி அதிர்கிறது என்பதையும் கருவி வைத்து அளந்தார்கள், அதிலும் வித்தியாசம் இருந்தது. என்னை யோசிக்க வைத்தது அந்தத் திடுக்கிடல் விஷயம்தான். என் வியாதியே அதுதானே. ஆனால் ஒரே இடத்தில், தொண்ணூற்றிச் சொச்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வு. நடந்ததை நிதானமாகத் திரும்ப எதிர்கொள்ள வைக்கிற பேச்சு சிகிச்சைகளுக்குத்தான் இன்றும் சான்று அதிகம்.

காது ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் படித்தேன், பிடித்திருந்தது. மூளையிலிருந்து இருதயம், வயிறு என்று கீழே இறங்கி உடம்பை அமைதிப்படுத்துகிற வேகஸ் நரம்பு, தோலுக்கு வந்து எட்டிப்பார்க்கிற ஒரே இடம் காது. அதனால் காதில் குத்தினால் மூச்சும் துடிப்பும் நிதானமாகலாம். 'லாம்' விகுதியைக் கவனிக்கவும்.

என்னைக் கேட்டால், ஆறாவது தடவையிலிருந்து தூக்கம் வாரத்தில் நாலைந்து நாள் முழுசாக வந்தது. போன் சத்தத்துக்குத் திடுக்கிடுவது குறைந்தது, முழுசாகப் போகவில்லை, இப்போதும் விடிகாலையில் அடித்தால் ஒரு நொடி உறைகிறேன். மாத்திரையை டாக்டர் எட்டு மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். கவுன்சலிங்கை விடவில்லை. பிறகு ஆன்லைனில் தமிழ் பேசும் ஒருவர் கிடைத்தார், "அப்பா" என்று சொல்ல முடிந்தது. இதில் மாத்திரைக்கு எவ்வளவு, ஊசிக்கு எவ்வளவு, தமிழுக்கு எவ்வளவு, கடந்துபோன நாளுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க என்னால் ஆகாது. போன் இல்லாத அந்த நாற்பது நிமிஷத்துக்கே பாதி மார்க் கொடுக்கலாம் என்பது தங்கமணியின் கட்சி. ஒரு தடவைக்கு நானூறு ரூபாய். மூங்கில் தட்டை வீட்டிலேயே வைத்திருந்தால் மிச்சம் என்பார்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும். ஊசியை உங்கள் கண்ணெதிரே உறையைப் பிரித்து எடுக்க வேண்டும், குத்தின ஊசியை அப்போதே போட்டுவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெஞ்சுப் பகுதியில் தெரியாதவர் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழலாம், அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு நிஜமான காரணம் அம்மா.

அம்பாசமுத்திரத்தில் அம்மா தனியாக இருக்கிறாள். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அப்பா போன பிறகு பேச்சு குறைந்துவிட்டது, சாப்பாடும். 2022 கடைசியில் அந்தப் பக்கம் ஒரு தொடு சிகிச்சைத் தம்பி வர ஆரம்பித்தான். ஊசி கிடையாது. மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பான், ஒரு புள்ளியைத் தொடுவான், அவ்வளவுதான். ஒருநாள் அம்மா போனில் சொன்னாள்: "துக்கம் நுரையீரல்ல உக்காந்துருக்காம்ல. மாத்திரதான் அத வெளிய விடாம புடிச்சி வச்சிருக்காம். நிறுத்தச் சொல்லுதான். ஒம்பது நாளாச்சி."

ஒன்பது நாள்! அன்றே அத்தானை அனுப்பிச் சர்க்கரை பார்க்கச் சொன்னேன். 318.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றே அந்தத் தம்பியை வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லியிருப்பேன். ஆனால் அதே "நுரையீரலில் துக்கம்" வசனத்தைக் கேட்டுவிட்டுத்தானே நான் நானூறு ரூபாய் கொடுத்துக் குத்திக்கொண்டு வந்தேன்? ஒரே வித்தியாசம், எனக்குக் குத்தின அம்மா முதல் நாளே என் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்து, "இதை நீ பாட்டுக்கு நிறுத்தாதே, டாக்டர் சொல்லட்டும்" என்றார். அந்த வித்தியாசத்தில்தான் என் அம்மாவின் உயிர் இருக்கிறது.

"அம்மா, எனக்கும் இதே வைத்தியம்தான் பார்த்தாங்க. மாத்திரையை நிறுத்தச் சொல்லல" என்றேன்.

"ஒனக்கு ஊசிலா போட்டாவ. இவன் தொடத்தான செய்யுதான்."

"அவனை வரவே வேண்டாம்னு சொல்லிரவா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள். "வேண்டாம்டே. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம வந்து அர மணி நேரம் உக்காருதான். அவிய எப்படிப் போனாவன்னு கேட்டான். நான் முழுசாச் சொன்னேன். வேற யாரு கேட்டா?"

வேறு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை, ஆஸ்பத்திரி வாசலில் அம்மா என்ன பார்த்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அன்று கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். பாதிக்கு மேல் நான் அதுவரை அறியாதது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

தம்பியிடமும் பேசினேன். மாத்திரை சாப்பிட்டால் என் சிகிச்சை வேலை செய்யாது சார் என்றான். மரியாதையான பையன்தான், நம்பித்தான் சொல்கிறான், அதுதான் இதில் பயங்கரம். நான் சத்தம் போட்டேன், அவன் வரவில்லை. இரண்டு செவ்வாய் அம்மா என்னோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாவது வாரம் அவளே கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாள். மாத்திரையை நிறுத்திவிட்டதாக அவனிடம் சொல்லியிருக்கிறாள். தினமும் காலையில் இட்லிக்கு முன்னாலும் பின்னாலும் எல்லாவற்றையும் ஒழுங்காக விழுங்கிக்கொண்டும் இருக்கிறாள். "அவனுக்கு எதுக்குடே அதெல்லாம்" என்கிறாள்.

நாடி நன்றாக முன்னேறியிருப்பதாகத் தம்பி சொல்கிறானாம். போன மாதம் வெறும் வயிற்றில் சர்க்கரை 132.